அமானிதத்துக்கு ஒரு காப்பு



போடிநாயக்கனூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ஏலக்காயாகத்தான் இருக்கும். மேற்கே மலையில் பறிக்கப்படும் காய், எங்கள் ஊரிலும் கேரளத்துப் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மையங்களில் ஏலம் போகிறது. ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜீப் சத்தம். சுபுஹு பாங்கு ஒலிக்கும் முன்பே, கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து பூப்பாறைக்கும் சாந்தாம்பாறைக்கும் போகும் ஜீப்புகள் அவை. அந்த வண்டிகள்தாம் எனக்குச் சோறு போட்டன. வண்டிகளுக்குள் செட், ஸ்பீக்கர், ஹாரன், விளக்கு ஆகியவற்றை விற்று மாட்டிக் கொடுப்பது என் தொழில். கேசட் காலத்தில் தொடங்கி, இன்று ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். வரை வந்திருக்கிறேன். பாட்டுக் கேட்பவரும் என்னிடம் வருவார், பயான் கேட்பவரும் வருவார்.

இந்தத் தொழிலைப் பற்றியும், அதற்கான காப்பீட்டைப் பற்றியும், நான் கொடுத்த விலையைப் பற்றியும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். கடை வைத்திருப்போர் நம் சமுதாயத்தில் அதிகம். பழுதுபார்ப்போர், தையற்காரர், சலவைக்காரர் என்று பிறர் பொருளைக் கையில் வாங்கி வைத்துத் தொழில் செய்வோரும் பலர். ஆகவே இது என் ஒருவனுடைய கதையன்று.

என் அத்தா கடைசி வரை இன்சூரன்ஸ் என்ற சொல்லையே கடைக்குள் அனுமதித்ததில்லை. "அல்லாஹ் காப்பான், அதற்கு ஏஜெண்டு எதற்கு?" என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே இரவில் கடைக்கு நான்கு பூட்டுப் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் எல்லோரும் அறிவோம். பூட்டு ஒரு கயிறு என்றால், காப்பீடும் ஒரு கயிறுதானா, அல்லது வட்டியும் சூதும் கலந்த வேறொன்றா? அத்தாவின் மறைவுக்குப் பின் இந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது.

எங்கள் மஹல்லாவின் ஹஜ்ரத் அவர்களிடம் போய்க் கேட்டேன். அவர்கள் எடுத்த எடுப்பில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "தம்பி, இதில் ஆலிம்கள் ஒரே கருத்தில் இல்லை" என்று தொடங்கினார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1985-இல் ஜித்தாவில் கூடி, வணிக நோக்கிலான காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் முடிவு செய்தது. அந்த மாற்றுவழியே தகாஃபுல். சூடானில் 1979-இல் அது தொடங்கியது. மலேசியா 1984-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நம் மொழி பேசும் முஸ்லிம்கள் வாழும் இலங்கையில் 1999-இல் அமானா தகாஃபுல் தோன்றியது. நம் நாட்டில் அவ்வாறு உரிமம் பெற்ற நிறுவனம் இல்லை. எனினும் இந்தியாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் அழியும் சூழலைக் கருதி, 1990-களின் தொடக்கத்தில் காப்பீட்டுக்கு இடம் கொடுத்தது.

இவற்றையெல்லாம் விளக்கிய பின் ஹஜ்ரத் அவர்கள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "கடைக் காப்பீடு நட்டத்தை ஈடு செய்யத்தான். நட்டத்துக்கு மேல் ஒரு காசும் வாங்காதே; இல்லாத நட்டத்தை இருப்பதாகக் காட்டாதே. மீதியை உன் மனசாட்சியிடம் கேள்." சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம் என்பதையும் நினைவூட்டினார்கள். நாம் எல்லோரும் ஏற்கெனவே அந்த வாசலைத் தாண்டியவர்களே.

அதன்பின் கடைக்காரர் பாலிசி ஒன்று எடுத்தேன். நான்கு லட்சம் ரூபாய்க்கு. பிரீமியம் குறைய வேண்டும் என்று நானே குறைத்துச் சொன்ன தொகை அது. உள்ளே இருந்த சரக்கோ ஆறு லட்சம் பெறும். பாலிசித் தாளை உறையோடு அலமாரியில் வைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்தேன். அந்தத் தாளை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

2014-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மலையில் காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஆம்ப்ளிபையர் மாட்ட வண்டியைக் கொண்டு வந்தார். மழையினால் வேலை முடியவில்லை. "வண்டி ராத்திரி இங்கேயே இருக்கட்டும் பாய், விடியுமுன்னே வந்து எடுத்துக்கிறேன்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். சோதனைக்காக பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒரு கம்பியை, பியூஸ் போடாமல், கழற்றாமல், என் உதவியாளன் அப்படியே விட்டுப் போய்விட்டான். போகும்போது சரிபார்க்க வேண்டியவன் நான், நானும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வோல்ட்தானே என்ற அலட்சியம் எங்கள் தொழிலில் உண்டு. அது தொட்டால் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு கம்பி வழியே நேராகச் சேர்ந்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி அடுப்புக் கம்பிபோல் சிவந்துவிடும். அதன் மேலுள்ள உறையும், பக்கத்தில் உள்ள இருக்கைப் பஞ்சும் பற்றிக்கொள்ளும். அன்றிரவு நடந்தது அதுவே. பக்கத்துக் கடைக்காரர் வந்து எழுப்பும்போது ஜீப் எரிந்து முடிந்திருந்தது. சுவரோரம் இருந்த என் சரக்கில் ஒரு பகுதியும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

விடியுமுன்னே வருகிறேன் என்றவர் சொன்னபடி வந்தார். கருகிய வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு, "இன்னிக்கு ஆளுக எனக்காக ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருப்பாங்களே பாய்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சில நாட்களில் சர்வேயர் வந்தார். மரியாதையான இளைஞர். என் சரக்கில் அழிந்ததை எண்ணித் தொண்ணூறாயிரம் என்று குறித்துக்கொண்டார். ஆறு லட்சம் சரக்குக்கு நான் நான்கு லட்சத்துக்கே காப்பீடு செய்திருந்ததால், மூன்றில் ஒரு பங்குக்கு நானே பொறுப்பாளி என்று விதியைக் காட்டினார். அறுபதாயிரத்திலும் சிறு கழிவு போக மீதிதான் கிடைக்கும் என்றார். "ஜீப்புக்கு?" என்று கேட்டேன். "பாலிசி உங்கள் பொருளுக்கு. ஜீப் உங்கள் பொருள் இல்லையே?" என்றார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் பொருளைக் காக்க ஏற்பாடு செய்திருந்தேன். என்னை நம்பி விடப்பட்ட பொருளைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. அந்த ஜீப்புக்கு இருந்ததோ மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. வண்டி எரிந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது.

மீண்டும் ஹஜ்ரத் அவர்களிடம் போனேன். கூலிக்கு வேலை செய்யப் பலரிடமும் பொருள் வாங்கும் கைவினைஞனைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுவதை அன்றுதான் அறிந்தேன். அவன் கையில் உள்ள பொருள் அமானிதம். அவன் தவறின்றி அழிந்தால் அவன் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தவிர்க்க இயலாத பெருந்தீ போன்றவை நீங்கலாக அவன் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டும். அவ்வாறு காத்தும் அழிந்தால் பொறுப்பில்லை. நானோ காக்கவில்லை. பியூஸ் இல்லாத கம்பி என் கொட்டகையில், என் ஆள் விட்டுப் போனது. எந்த இமாமின் கருத்திலும் எனக்கு ஒதுங்க இடமில்லை.

ஜமாஅத்தினர் இருவரும் ஜீப் ஸ்டாண்டுக்காரர் இருவரும் உட்கார்ந்து பேசி, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று முடித்தார்கள். நகையை அடகு வைத்தால் வட்டி. "வித்துருங்க, அடகு வேணாம்" என்று என் மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மீதியைப் பதினொரு மாதத்தில் கட்டி முடித்தேன். ஆனால் பறிப்புக் காலம் முழுதும் அவர் இழந்த கூலியை நான் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அது இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைக் காப்பீடு வேறு. வாடிக்கையாளரின் வண்டிக்கான காப்பீடு வேறு. பட்டறையில் நிற்கும் பிறர் வண்டிகளுக்கென மோட்டார் டிரேட் பாலிசியில் 'இன்டர்னல் ரிஸ்க்' என்ற பிரிவு உண்டு. வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு 'ரோடு ரிஸ்க்' உண்டு. ஏஜெண்டுகள் பலர் இவற்றைத் தாமாகச் சொல்வதில்லை. நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சரக்கின் மதிப்பை உள்ளபடி எழுதுங்கள். ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடைமுறையில் உள்ளது. அதில் மதிப்பு பதினைந்து விழுக்காடு வரை குறைந்திருந்தால் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் குறைந்தால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும். மின்கசிவு தோன்றிய கருவிக்கே ஈடு கிடைக்காது என்பதையும், அதிலிருந்து பரவிய தீயில் அழிந்தவற்றுக்குக் கிடைக்கும் என்பதையும் அறிந்து வையுங்கள். திருட்டுக்குத் தனியே காப்பு எடுக்க வேண்டும்; அதுவும் பூட்டு உடைத்தோ பலவந்தமாகவோ நுழைந்த அடையாளம் இருந்தால்தான். கடைப் பையனே எடுத்துப் போனால் அதில் சேராது. பிரீமியம் போய்ச் சேரும் முன் எந்த நிறுவனத்துக்கும் பொறுப்பு தொடங்குவதில்லை.

வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். நீங்கள் பின்னால் மாட்டும் செட்டை உங்கள் பாலிசியில் அறிவித்தால், அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்; அதன் மதிப்பில் நூற்றுக்கு நான்கு என்பது பழைய மோட்டார் டாரிஃப் விதி. வாடகை வண்டியாயிருந்தால், வண்டியோடு சேர்ந்து களவு போனால் ஒழிய, செட் மட்டும் களவு போனதற்கு ஈடு கிடையாது. இதை இப்போது மாட்டும்போதே சொல்லிவிடுகிறேன்.

ஈடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பீடு கவனத்துக்கு மாற்றாகாது. இன்று எங்கள் பட்டறையில் இரவு தங்கும் எந்த வண்டிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்படும். பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் போடப்படும். வண்டி வந்தபோது எப்படி இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். தீயணைப்புக் கருவி சுவரில் தொங்குகிறது. கணக்குப் புத்தகத்தின் நகல் வீட்டில் இருக்கிறது.

ஏலக்காய் விலை நன்றாயிருந்த ஓர் ஆண்டில் அதே ஜீப்காரர் வேறொரு வண்டியுடன் என் கடைக்கு வந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். "ராத்திரி வேணாம், இருந்தே வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வேலை முடியும் வரை எழுந்திருக்கவில்லை. நானும் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவர் வந்ததே எனக்குப் பெரிது.

உங்கள் கடையில் இன்று எவருடைய பொருள் இருக்கிறது என்று மாலையில் பூட்டுமுன் ஒருமுறை பாருங்கள். அதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். காப்பீடு குறித்து மனத்தில் நெருடல் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். அமானிதத்தைப் பேணி, உரியவரிடம் முழுமையாய்ச் சேர்ப்போரின் கூட்டத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக, ஆமீன்.