கிணற்றுக்குள் ஒரு குரல்

பெங்களூரில் கிணறு வெட்டுவது ஒற்றை ஆள் வேலை அல்ல. மண்ணு வட்டர்கள் (தமிழகத்தில் ஒட்டர்கள்) கூட்டமாகத்தான் வருவார்கள். ஈரம் தட்டுவது உள்ளே தோண்டுகிறவருக்குத் தெரியும். பக்கம் சரியுமா என்பதை மேலே நிற்கும் பெரியவர் பார்த்துக்கொள்வார். முழு வித்தையும் எந்த ஒருவரிடமும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. மேலுக்கும் கீழுக்குமான கூப்பாட்டில்தான் அது உயிரோடிருந்தது.

போர்வெல் வந்ததும் கூப்பாடு ஓய்ந்தது. பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடினார்கள். பல கிணறுகளில் குப்பை நிரம்பியது. நகரம் அதை முன்னேற்றம் என்றே நினைத்தது.

2009இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பிறகு 'பத்து லட்சம் கிணறுகள்' இயக்கம் இவர்களைத் தேடி வந்தது. கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளைத் தூர் வாரியவர்களும் இவர்களே. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வறண்டபோது நகரத்துக்குக் கிணறு மறுபடி ஞாபகம் வந்தது. இப்போது உறை இறக்கும் பையனுக்கு மேலிருந்து சத்தம்போட்டுச் சொல்லித்தர, பெரியவர்களில் சிலர்தான் மிச்சம்.