காலடியில் உட்காருதல்

மார்த்தாள், மரியாள் கதை வந்தாலே நான் வளர்ந்த சபையில் பிரசங்கம் அடுக்களைக்குப் போய்விடும். வேலை செய்தவள் உசத்தியா, உட்கார்ந்திருந்தவள் உசத்தியா என்று இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு பட்டிமன்றம். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மரியாள் உட்கார்ந்தது மாணவர்கள் உட்காரும் இடத்தில். கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவன் என்று பவுல் சொல்லிக்கொள்வது தன் படிப்பைத்தான். பவுலுக்குப் படிப்பாக இருப்பது மரியாளுக்கு வந்ததும் பணிவாகிவிடுகிறது!

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த ஒருத்தி போன வருஷம் இறையியல் கல்லூரியில் சேரத் தயாராகிக்கொண்டிருந்தாள். தனக்கு வந்த இறை அழைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் திருத்தக் கொண்டுவந்தாள். சந்திப்பிழை நாலைந்துதான். 'தகுதியற்றவள்', 'ஒன்றுமில்லாதவள்' என்பவை மட்டும் ஒன்பது இடங்களில்.

"சபை ஐயாதான் மேடம், உபவாசம் இருந்து தாழ்மையக் கத்துக்கோன்னாங்க."

அதே சபையிலிருந்து போகிற பையனுக்கு என்ன சொன்னாராம்?

"கிரேக்கம் கஷ்டம், இப்பவே எழுத்துப் பழகுன்னாங்க."

தமிழில் 'தாழ்' என்ற வேரைக் கொஞ்சம் கவனமாகத்தான் தொடவேண்டியிருக்கிறது. தாழ்மை அதிலிருந்துதான் வருகிறது. தாழ்ந்த சாதி என்ற வசையும் அதிலிருந்துதான். அவள் ஊரில் ஒரே சபைக்கு இன்றும் இரண்டு கல்லறைத் தோட்டங்கள். அங்கே வளர்ந்தவளிடம் போய்த் தாழ்மை கற்றுக்கொள் என்றால்? வேலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் 1960இல் எழுதிய கட்டுரையை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அகந்தையே மூலபாவம் என்பது ஆணின் அனுபவத்திலிருந்து வந்த இறையியல், பெண்ணின் சோதனை பெரும்பாலும் தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்வதுதான் என்பது சேவிங்கின் வாதம். இயேசுவின் தாய் பாடும் பாட்டிலும் தாழ்மை அவளுடைய குணமல்ல, நிலை. அந்த நிலையைக் கடவுள் பார்த்தார் என்றுதான் பாடுகிறாள். கொஞ்சம் தள்ளி, பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுகிறார்கள்.

அதற்காகப் பணிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்காகச் சுவடி பார்க்கப் போனபோது ஒரு வரியைப் படிக்க எனக்கு அரை நாள் ஆனது. பாடத்தின் முன்னால் அப்படிக் குனியத்தான் வேண்டும். எபிரேயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடம். உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுத்துக்குக் கீழே புள்ளியும் கோடுமாக. பட்டம் வாங்கியவள் நாலு கோடு நோட்டு வாங்கி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் எழுதினாள். விடியுமுன் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பதும் நடந்தது. அவற்றில் எத்தனை முறையீடுகள், எத்தனை சண்டைகள் என்று அவளுக்கே ஆச்சரியம். "சாமிகிட்ட இப்படியெல்லாம் பேசலாமா மேடம்?"

எழுதியதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது ஒன்பதில் ஒன்று மிச்சமிருந்தது. "அது அவர்கிட்ட சொல்றது, சபைக்கு இல்ல" என்றாள். நான் அதைத் தொடவில்லை.

படித்து முடித்தபின் என்ன என்பது இன்னொரு கவலை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை முதல் பெண் குருவானவரை 1976இல்தான் அபிஷேகம் செய்தது. முதல் பெண் பேராயர் வர 2013 ஆனது. அவள் வீட்டிலோ, படித்துவிட்டு நல்ல போதகருக்கு மனைவியாகலாமே என்று இப்போதே ஒரு ஜாதகமில்லாத வரன்தேடல். அவள் பதில் சொல்வதில்லை. மே கடைசியில் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். பன்னிரண்டாம் எழுத்து, லாமேத், ஒரு பக்கம் முழுக்க. கடைசி வரிசையில்தான் கழுத்து நேராக வந்திருந்தது.