இரண்டு போட்டி

அந்த வீட்டில் இரண்டு போட்டி உண்டு. சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். வங்காளியில் போட்டி என்றால் அரிவாள்மனை. ஒன்று ஆஷ்-போட்டி, ஆஷ் என்றால் செதில். மீனும் கோழியும் அதில்தான். இன்னொன்று நிராமிஷ்-போட்டி, காய்க்கு மட்டும். முதலாவது முற்றத்துக் குழாயடியில் சுவரில் சாய்ந்து நிற்கும். அகன்ற அலகு, பக்கத்தில் எப்போதும் ஒரு பூனை. இரண்டாவது உள்ளே, அலமாரிக்கு அடியில், பழைய துணி சுற்றிக் கிடக்கும். தீட்டித் தீட்டி அதன் அலகு மூன்றாம் பிறையாகிவிட்டது. இதைத் தொட்டவர் அதைத் தொட்டால் கை கழுவினால் மட்டும் போதாது, புடவையும் மாற்ற வேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்ததாம். இப்போது கை கழுவினால் போதும். சட்டமும் தேய்ந்திருக்கிறது, அலகைப் போலவே.

நான் அந்த வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம். சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்த நாளிலேயே குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தாளராகவும் தமிழர்கள் வந்து இறங்கிய பேட்டை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாழையிலையும் காப்பிப் பொடியும் இங்கே தேடாமல் கிடைக்கும். என் வங்காளி காய் வாங்குகிற அளவுக்குத்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே சாப்பிடக் கூப்பிடும்போது பேச்சு குறைவு. கண்ணுக்கு வேலை அதிகம்.

மேசையில் ஆறு பேர். வீட்டுக்காரர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள், பன்னிரண்டு வயதுப் பையன், அவர்கள் 'டாம்மா' என்று கூப்பிடுகிற பாட்டி, நான். மேற்கு வங்கத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் அசைவர் என்று 2014இல் மத்திய அரசு எடுத்த கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய அதுதான். மிச்சம் இருக்கிற சொச்சத்தில் இரண்டு பேர் இந்த மேசையில் இருக்கிறார்கள். டாம்மா நாற்பத்தைந்து வருஷமாக. பேத்தி, போன தை மாதத்திலிருந்து.

*

ஞாயிறு காலை ஏழு மணி. பழைய லேக் மார்க்கெட்டை இடித்து மேலே மால் எழுப்பிவிட்டார்கள். அடியில் ஈரம் அதே ஈரம். கூடைக்காரர்களும் பூக்காரர்களும் அப்படியே.

அப்பாவும் மகளும் முன்னால் போகிறார்கள். நான் காய்ப் பையோடு பின்னால். அப்பாவுக்குக் கண்புரை. மீன்காரன் மேடையில் உட்கார்ந்திருக்கிறான். கால் பெருவிரலால் அழுத்திப் பிடித்த அரிவாள்மனை அவன் மார் உயரம் நிற்கிறது. மகள் குனிந்து ஒரு ரூயி மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்க்கிறாள். விட்டுவிடுகிறாள். அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவதன் வயிற்றை அழுத்தி, கண்ணைப் பார்த்து, "இது" என்கிறாள்.

மீன்காரன் சிரிக்கிறான். அவனுக்கும் விஷயம் தெரியும். சாப்பிடுவதை விட்டவள்தான் இந்த வீட்டிலேயே மீன் பார்க்கத் தெரிந்தவள்.

"பேட்டியா, காதாவா?" வயிற்றுப் பக்கமா, முதுகுப் பக்கமா என்று கேட்கிறான்.

"ரெண்டும். அஞ்சு துண்டு" என்கிறார் அப்பா.

மகள் அவரைப் பார்க்கிறாள். அவர் கவனிக்கவில்லை. மீன்காரன் இரண்டு கையாலும் மீனை அலகில் ஏற்றுகிறான். சதை பிளக்கிற சத்தமே இல்லை; முதுகெலும்பில் மட்டும் ஒரு முறை 'டக்'. ஐந்து துண்டு. தலை தனியாக, பாசிப்பருப்போடு போட. அவள் பையை வாங்கி உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் அவள்தான் தூக்கி வருகிறாள்.

என்னையும் சேர்த்தால் மீன் சாப்பிடுகிறவர்கள் நாலு பேர். அந்த ஐந்தாவது துண்டு எங்கே போகிறது என்று இரண்டு மூன்று வாரம் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாவின் தட்டில் அதுவரை வால் துண்டுதான் விழும். முள்ளும் தோலுமாக. வயிற்றுத் துண்டுகள் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் விருந்தாளிக்கும். இப்போது வாலோடு கூட ஒரு வயிற்றுத் துண்டும் அவர் தட்டில். யாரும் தீர்மானம் போடவில்லை. மகள் விட்டது அம்மாவுக்கு வந்திருந்தது.

*

தை மாதத்தில் அவள் சொன்னபோது வீடு அதை நம்பவில்லை.

"கறி வேண்டாமா? சரி. மீன்?"

"மீனும்தான், பாபா."

"முட்டை?"

"முட்டையும்."

சாப்பாட்டு மேசையில் ஒரு அமைதி. பிறகு சமரசங்கள் வரிசையாக வந்தன. பருப்பில் மீன் தலையை எடுத்துவிட்டால் அது வெறும் பருப்புதானே? கொல்கத்தா பிரியாணியில் பெரிய உருளைக்கிழங்கு இருக்குமே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளேன்? வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு தாகூர் நினைவு வந்தது. 1894 மார்ச்சில் பதிசர் பக்கம் படகில் இருக்கிறார் கவி. சமையல்கட்டிலிருந்து தப்பித்த கோழி ஒன்று ஆற்றில் குதித்து நீந்துகிறது. கரை தொடப்போகிற நேரத்தில் பிடித்துக் கழுத்தைத் திருகாத குறையாகக் கொண்டுவருகிறார்கள். இன்று இரவு கறி வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார் தாகூர். அதைக் கடிதத்திலும் எழுதி வைத்தார். அப்பா இதை என் பக்கம் திரும்பி, எனக்காக இங்கிலீஷில் சொன்னார். மகள் செய்வதற்கு ஒரு பெரிய மனுஷர் துணை கிடைத்ததில் அவருக்குப் பாதி சமாதானம்.

உண்மையில் அவரே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டுதான் இருந்தார். குப்பைமேட்டில் கிடந்த செத்த விலங்குகளின் கறி விற்பனைக்குப் போகிறது என்று 2018 ஏப்ரலில் பஜ்பஜ் பக்கம் வெளிப்பட்டதே, அன்றிலிருந்து வெளியே கறி தொடுவதில்லை. பிறகு டாக்டர் கொலஸ்ட்ரால் என்றார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்று இருந்தது மாதத்துக்கு ஒன்றானது. அவர் குறைத்ததற்குப் பெயர் இல்லை. அதனால் அதை யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. மகள் ஒரு சொல் சொல்லி நிறுத்தினாள். வீடே திரும்பிப் பார்த்தது.

கோபம் வந்தது டாம்மாவுக்கு. இரண்டு நாள் பேத்தியோடு பேசவில்லை.

அது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தால் சந்தோஷம்தானே? பிறகு மெல்ல விளங்கியது. இங்கே மீன் மங்கலப் பொருள். கல்யாணச் சீர் வரிசையில் ஒரு முழு ரூயி மீன் போகும். அதற்குப் பெண்ணைப்போல அலங்காரம், மூக்கில் வளையம், மேலே ஜரிகைத் துணி. நம் ஊரில் மஞ்சள் குங்குமம் என்கிறோமே, அந்த இடத்தில் இங்கே மீனும் இருக்கிறது. மேல்சாதி வீடுகளில் புருஷன் போனால் பொட்டோடும் வளையலோடும் மீனும் போகும். வெங்காயம், பூண்டு, மசூர்ப் பருப்புகூடக் கூடாது. ஏகாதசிக்குப் பட்டினி. கல்யாணம் ஆகாத பெண் தானாகவே அந்தத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டால் பாட்டி என்ன செய்வாள்?

மூன்றாம் நாள் மாலை படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் டாம்மாவின் குரல். காரியம் முடிந்த மறுநாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்ஸ்யமுகி என்று அதற்குப் பெயர். துக்கம் காத்த வீட்டார் திரும்ப மீன் தொடுகிற நாள். பெரிய பெரிய துண்டாகப் பந்தி பரிமாறினார்களாம். எல்லார் இலையிலும் மீன். முப்பத்திரண்டு வயதுக்காரியின் இலையில் பச்சரிசிச் சோறும் வேகவைத்த வாழைக்காயும்.

"ஆமி சாடினி" என்றார். "சாடியேசிலோ."

என் அரைகுறை வங்காளிக்கே அது புரிந்தது. நான் விடலை, விட வச்சாங்க.

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று இதே ஊரில் வித்யாசாகர் போராடி 1856இல் சட்டம் கொண்டுவந்தார். சட்டம் வந்தது. இலையில் மீன் திரும்பி வர அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் போதவில்லை. இப்போது எல்லாரும் சாப்பிடச் சொல்கிறார்கள். மகன் கெஞ்சியே பார்த்தாராம். "இனிமேல் என்ன" என்று முடித்துவிட்டார் கிழவி.

*

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நிராமிஷ்-போட்டி துணியிலிருந்து வெளியே வந்தது.

வாழைப்பூ. டாம்மா காலை மடக்கி அரிவாள்மனைமேல் உட்கார்ந்திருக்கிறார். பேத்தி எதிரே. கைகளில் கடுகெண்ணெய். மடலை உரித்து, பூவைச் சீப்பாக எடுத்து, நடுவில் நிற்கிற கள்ளனைக் கிள்ளி எறிகிறார்கள். அடுத்த நாள் வாழைத்தண்டு. வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் வருகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போகிறார் டாம்மா. கடைசியில் விரலில் வெள்ளை மோதிரம். எங்கள் ஆச்சியின் விரலில் அதே மோதிரத்தைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் நார் அப்படித்தான் வருகிறது.

அடுப்பில் சுக்தோ. பாகற்காய், வாழைக்காய், கத்தரிக்காய், நம் முருங்கைக்காய், வறுத்த பருப்பு வடகம், கடைசியில் பால். சுரைக்காயின் தோலைக்கூட எறியமாட்டார். மெல்லிசாக நறுக்கிக் கசகசா தூவி வதக்கிவிடுவார். பலாக்காய்க்குக் கரம் மசாலா போட்டு வைத்தால் அதற்குப் பெயர் 'காச்-பாட்டா', மரத்து ஆடு. தாகூர் குடும்பத்துப் பிரக்ஞாசுந்தரி தேவி நூறு வருஷத்துக்கு முன்பே ஆமிஷ், நிராமிஷ் இரண்டுக்கும் சமையல் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த வீட்டில் புத்தகம் இல்லை, டாம்மா இருக்கிறார்.

எல்லாம் பறிக்கப்பட்ட பெண்கள், மிஞ்சிய தோலையும் தண்டையும் பூவையும் வைத்துக்கொண்டு இந்த நாக்கை உண்டாக்கியிருக்கிறார்கள். பேத்திக்கு மீனை விடுவது இவ்வளவு சுலபமாக இருந்ததற்கு அதுவும் காரணம். அவள் இறங்கி வந்து நின்ற இடம் வெறுந்தரை இல்லை. யாரோ மெழுகி வைத்த தரை.

எது சைவம் என்பதிலும் ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது; புரட்டாசி முழுக்கக் கிடையாது. பெரும்பாலும் அதே புரட்டாசியில்தான் இங்கே துர்கா பூஜை. நவமி அன்று கறிக்கடை வாசலில் வரிசை தெருமுனை திரும்பி நிற்கும். காளிக்குப் படைத்த ஆட்டை வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்தால் அதை 'நிராமிஷ் மாங்ஷோ' என்பார்கள், சைவ ஆட்டுக்கறி. முதல் தடவை கேட்டபோது என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

*

ஆடி மழை. ஞாயிறு. இலிஷ் மீன் வந்திருக்கிறது.

வங்காளிச் சாப்பாடு ஒவ்வொன்றாக வரும். முதலில் கசப்பு. ஆறு பேருக்கும் சுக்தோ. அடுத்தது பருப்பும் வறுவலும், ஆறு பேருக்கும். பிறகு வாழைப்பூ. அதுவரைக்கும் இந்த மேசையில் சைவம், அசைவம் என்று யாரையும் பிரிக்க முடியாது. பாதிச் சாப்பாட்டுக்கு மேல்தான் கோடு விழுகிறது.

சமையலறையிலிருந்து கடுகு வாசனை. டாம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூக்கு மட்டும் ஒரு முறை விரிந்தது.

"பௌமா, கடுகு அரைக்கும்போது உப்பும் பச்சைமிளகாயும் போடலையா? கசக்குது."

மருமகள் உள்ளே ருசி பார்த்து, "ஆமாம்மா" என்று கொஞ்சம் தேங்காய் சேர்க்கப் போனார். நாற்பத்தைந்து வருஷமாக நாக்கில் படாத மீனின் குழம்பை வாசற்படி தாண்டாமல் சொல்லிவிட்டார் கிழவி.

மீன் வந்தது. இலிஷில் முள் மயிரிழை மாதிரி. பையன் விழிக்கிறான். அக்காதான் அவன் தட்டை இழுத்துக்கொண்டாள். சதையை விரல் நுனியால் நசுக்கி நசுக்கி, முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். மஞ்சளாக, கடுகெண்ணெய் வழிய, உதிரி உதிரியாகக் குவிந்தது மீன். டாம்மா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேத்தி எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். தன் தட்டுக்கு முன்னால், பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாம்மா அவள் வலது கையைப் பிடித்து இழுத்தார். ஈரம் காயாத கை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். சோதிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் சோதிக்க அவ்வளவு நேரம் வேண்டாம். கண் மூடியிருந்தது.

நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"வாசனை போகலை" என்ற குரல் கேட்டது. "இன்னொரு தடவை கழுவிட்டு வா."

நிமிர்ந்தபோது, கை இன்னும் டாம்மாவிடம்தான் இருந்தது.