கடதாசி ஆலையும் செப்புத் தகடும்

வாழைச்சேனை கடதாசி ஆலையின் கதை பெரும்பாலும் அரசியற் கதையாகவே சொல்லப்படுகிறது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது திட்டமிடப்பட்டது. 1950களில் இயங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் நலிந்து, பின்னர் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து உழைத்த அந்த ஆலையின் மூலப்பொருள் வைக்கோல். அங்கிருந்து தொடங்கினால் வேறொன்று புலப்படுகிறது.

வைக்கோலில் சிலிக்கா மிகுதி. மணலும் அதே பொருள்தான். போதாததற்கு வயல் மண்ணும் கூடவே வரும். இத்தகைய கூழ் ஓடும் குழாய்களில் வால்வுகள் விரைவில் தேயும். தேய்மானம் மிகுந்த இடங்களில் வால்வின் உடலை உருக்கிலும், அடைக்கும் முகத்தை டங்ஸ்டன் கார்பைடிலும் செய்வதுண்டு. 1920களில் குரூப் நிறுவனம் இதனை 'வைரத்தைப் போல' என்று பொருள்படும் 'விடியா' என்ற பெயரில் விற்றது.

சிக்கல் இரண்டையும் இணைப்பதில்தான். வெல்டிங்கில் உருக்கிக் கலந்தால் இணைப்பு நொறுங்கிவிடும். ஆகவே பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதுபோல, வெள்ளி கலந்த உலோகத்தை இடையில் உருக்கிப் பற்றவைப்பர். ஆனால் ஏறத்தாழ 700 பாகைச் சூட்டிலிருந்து ஆறும்போது 100 மில்லிமீட்டர் உருக்கு சுமார் 0.8 மில்லிமீட்டர் சுருங்கும். கார்பைடு அதில் பாதியளவே சுருங்கும். அந்த இழுபறியில் வெடிப்பது கார்பைடு. எனவே இடையில் மெல்லிய செப்புத் தகடொன்றை வைக்கிறார்கள். செம்பு நெகிழ்ந்துகொடுத்து இழுபறியைத் தானே வாங்கிக்கொள்கிறது. உருக்கு வளையத்தைச் சூடாக்கி, அதனுள் கார்பைடை இறக்கி, ஆறும் வளையம் இறுகப் பற்றும்படி செய்வது இன்னொரு முறை. கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது.

மட்டக்களப்பில் தமிழர் முஸ்லிம் உறவைப் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்பார்கள். குழலில் இரண்டும் அடுக்கடுக்காய் இருக்கும். ஒன்றில் ஒன்று கரைவதில்லை. 1990ஆம் ஆண்டின் வன்முறைகளுக்குப் பிந்திய நல்லிணக்கக் கூட்டங்களில் செய்தியாளனாகப் பலமுறை அமர்ந்திருக்கிறேன். "நாம் எல்லோரும் ஒன்றே" என்ற பேச்சே அங்கு மிகுதி. அது வெல்டிங். சூடு தணிகையில் இரு தரப்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. காணி, தொழில், இழப்பு பற்றிய அவர்களது கணக்குகள் வேறு. அவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, இடையில் நெகிழக்கூடிய ஒன்றை வைப்பதே பயன் தரும்.

ஒரே சம்பளப் பட்டியலில் இரு சமூகத்தாரும் இருந்த ஆலை அத்தகைய செப்புத் தகடு. அதன் முடக்கத்தை வேலையிழப்புக் கணக்கில் எழுதி முடித்துவிட முடியாது. வாவிக்கரையில் இனியொரு தொழிற்சாலை பேசப்படும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு, யாரும் யாரும் அருகருகே நின்று வேலை செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும்.