ஆங்கிலம் பயில்வோர் விலக்கத்தக்கன சில

ஆண்டுதோறும் நம் கல்லூரியிற் புதிதாய் வந்து சேரும் மாணவருள் ஒரு பகுதியார், தமிழ் வாயிலாகவே பள்ளிக் கல்வியை முடித்துச் சிற்றூர்களினின்றும் வருபவர். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் இவர்கள் பிறர்க்கு எள்ளளவும் தாழ்ந்தவரல்லர். ஆயினும் வகுப்பறையில் ஆங்கிலம் ஒலிக்கத் தொடங்கியதும் இவர்தம் முகம் வாடுகின்றது. விடை நெஞ்சில் நின்றும் நாவில் எழுவதில்லை. நாளடைவில் தம் அறிவையே தாம் ஐயுறத் தொடங்குகின்றனர். பாஷை வராமையை அறிவின்மையாகக் கொள்வது பெருமயக்கம். விடுதியில் இத்தகையாரோடு பல்லாண்டு உடனுறைந்து, அவர் பயிலும் முறையை உற்று நோக்கியதில் யாம் தெளிந்தது ஒன்று: இவர்கள் உழைப்பிற் குறைந்தவரல்லர், உழைப்புச் செல்லும் வழியே பிழைபட்டது. ஆங்கிலத்தை இவர்கள் அறிந்து வைக்கும் பொருளாகக் கருதுகின்றனர். அஃதோ பழகிப் பழகிக் கைவரப்பெறும் தொழில். இவ்வேறுபாட்டை உணராமையாற் பிறக்கும் பிழைகளுட் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதலாவது, நெட்டுருப் போடுதல். எம் அடுத்த அறையில் வாழ்ந்த மாணவர் ஒருவர் ஆங்கிலக் கட்டுரைகள் பன்னிரண்டை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார். தேர்விலோ பதின்மூன்றாவது ஒன்று வந்துவிட்டது. ஆற்றங்கரைக் காட்சியை வருணிக்கும்படி கேட்ட வினாவிற்கு, அவர் தாம் பயின்றிருந்த ரயில் நிலையக் காட்சியையே எழுதி, இறுதியில் அந்த ரயிலை ஓர் ஆற்றுப் பாலத்தின்மேற் செலுத்திவிட்டார்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுவே. பிறர் வாக்கியங்களை எத்துணைச் சுமப்பினும், சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கும் ஆற்றல் அதனால் வாராது.

இரண்டாவது, சொற்களைத் தனித்தனியே திரட்டுதல். அகராதியினின்று நாளொன்றுக்கு இருபது அரிய சொற்களைக் குறித்து வைப்பார் உளர். சொல்லோ தன் துணைச்சொல்லோடு அன்றி வாழ்வதில்லை. தமிழில் 'தவறு செய்தான்', 'வேலை செய்தான்' என இரண்டிற்கும் வினை ஒன்றே; ஆங்கிலத்திலோ தவறுக்கு 'மேக்' என்பதும் வேலைக்கு 'டூ' என்பதும் உரியன. ஆதலின் சொல்லை வாக்கியத்தோடு சேர்த்தே எழுதிக்கொள்ளல் நன்று. முன்னர் வங்கத்தில் கல்வித்துறையிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறக்குறைய 2000 தலைச்சொற்களே உள. இவ்விரண்டாயிரமும் நாவிற் பழகாத ஒருவர் அரிய சொற்களை நாடுதல், அரிசி வாங்காமல் ஏலக்காய் வாங்குவதை ஒக்கும்.

மூன்றாவது, செவியை விடுத்துக் கண்ணால் மட்டும் கற்றல். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு. நமக்குப் பழக்கமான ஒன்றை நோக்குக: 'ஒரு மரம்', ஆனால் 'ஓர் ஊர்' என்கிறோம். ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' என்னும் இரண்டும் அவ்வாறே வருஞ்சொல்லின் முதலை நோக்கி நிற்பன. எனினும் அங்கே பார்க்க வேண்டுவது எழுத்தை அன்று, ஒலியை. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்னும் சொல் 'எச்' எழுத்தில் தொடங்கினும் உயிரொலியோடு பிறத்தலின் 'ஆன்' பெறும். 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்கினும் யகர ஒலியோடு பிறத்தலின் 'எ' பெறும். கேட்டறியாதவர்க்கு இது வெறும் விதி. கேட்டுப் பழகியவர்க்கு இயல்பு. இக்காலத்துக் கைத்தொலைபேசியிலேயே அகராதி சொல்லை ஒலித்துக் காட்டுகின்றது. அதனைக் கேட்டு, நாள்தோறும் ஒரு பக்கமேனும் வாய்விட்டு வாசித்தல் வேண்டும்.

நான்காவது, தமிழ் வாக்கியத்தை அவ்வாறே ஆங்கிலச் சொற்களில் வார்த்தல். 'இரண்டு வருஷமாக இங்கே படிக்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதனை 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஸின்ஸ் டூ இயர்ஸ்' என்பர் பலர். முன்னே தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் தனி வினைவடிவு உண்டு. கால அளவைச் சுட்டுவதற்கு 'ஃபார்', தொடக்கத்தைச் சுட்டுவதற்கு 'ஸின்ஸ்'. ஆகவே 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்' என்றல் வேண்டும். இன்னும், 'நீ சாப்பிடவில்லையா?' என்று வினவின் நாம் 'ஆம், சாப்பிடவில்லை' என்று வினவினார் கருத்துக்கு உடன்படுகிறோம். ஆங்கிலத்திலோ உண்ணாதவர் 'நோ' என்றே கூறல் மரபு. விருந்துக்குச் சென்ற இடத்தில் 'எஸ்' என்று விடையிறுத்துப் பசியோடு மீண்ட மாணவர் ஒருவரை யாம் அறிவோம்! இதற்கு மருந்து தமிழை மறத்தல் அன்று. இரு மொழியும் எங்கே பிரிகின்றன என்பதைக் குறித்து வைத்தல். தன் மொழியின் போக்கை நன்குணர்ந்தவனே பிறமொழியின் போக்கையும் விரைவிற் காண்பான்.

ஐந்தாவது, பிழைக்கு அஞ்சி வாய் மூடியிருத்தல். இது பயில்வோர் பிழை மட்டுமன்று. அருகிருக்கும் நம் அனைவர் பிழையுமாம். கணிதத்தில் முதன்மை பெற்றிருந்த மாணவர் ஒருவர் வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தார், சிரிப்பு எழுந்தது. அப்பருவம் முழுவதும் அவர் வாய் திறந்திலர். இறுதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குச் செல்லவும் துணிந்தார். உடனுறை மாணவர் இருவர் அவரைத் தடுத்து நிறுத்தி, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே அவரோடு பேசி, பிழைகளைப் பிறரறியாமல் திருத்தி வந்தனர். அவர் இன்று ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கின்றார். ஒரு நொடிச் சிரிப்பு பறிக்கவிருந்ததை நாளொன்றுக்கு அரைமணி நேர அன்பு காத்தது.

ஆறாவது, தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் கண் விழித்துப் படித்தல். எபிங்ஹௌஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மீதே சோதனை நடத்தி 1885-இல் வெளியிட்ட நூலில், கற்றது முதலில் மிக விரைந்து மறக்கப்படும் என்பதையும், ஒரே மூச்சிற் கற்பதினும் பல நாட்களிற் பகிர்ந்து கற்றல் பயன் மிகுதி உடையது என்பதையும் விளக்கினார். பயிலும் முறைக்கு அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இளமையிற் கையாண்டதே சிறந்த வழிகாட்டி. அவர் நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, கருத்துக்களைச் சிறு குறிப்பாக எழுதி, சில நாள் கழித்து நூலைப் பாராமல் அக்குறிப்பினின்றே கட்டுரையைத் தம் சொல்லில் எழுதுவார். பின் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். ஆங்கிலமே தாய்மொழியாகப் பெற்றவர்க்கும் இத்துணை முயற்சி வேண்டியிருந்தது எனின், நமக்கு முதலாண்டிலேயே வரவில்லை என்று வருந்துதல் முறையோ?

1839-இல் இளைஞராய்த் தமிழ்நாட்டிற்கு வந்த ஜி. யு. போப் ஐயர், திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1886-இலும், திருவாசகத்தின் மொழிபெயர்ப்பைத் தம் எண்பதாம் வயதில் 1900-இலும் வெளியிட்டார். பிறமொழிப் பயிற்சி ஒரு தேர்வோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மாணவ நண்பர்காள்! நாள்தோறும் சிறிது கேளுங்கள், சிறிது வாய்விட்டு வாசியுங்கள், ஐந்து வாக்கியமேனும் சொந்தமாக எழுதுங்கள், பிழைபடினும் பேசுங்கள். அயலில் ஒருவர் தடுமாறிப் பேசக் கேட்பின், நகையாது பொறுத்திருந்து, அவர் முடித்தபின் மறுமொழி கூறுங்கள். அவர் கற்பதற்கு நாம் செய்யத்தக்க பேருதவி அதுவே.