அப்புறம்?

கதை கேட்க விரும்பாதவர் உலகில் எவரேனும் உண்டோ? பாட்டி கதை சொல்லி முடிக்கிறாள். இளவரசனும் இளவரசியும் சுகமாக வாழ்ந்தார்கள் என்கிறாள். மடியில் கிடக்கும் குழந்தை தூங்கியிருக்க வேண்டும். அதுவோ கண்ணை அகல விரித்து, "அப்புறம்?" என்று கேட்கிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனை பாட்டிமார் தவித்திருப்பார்கள்!

தோழியரே! அந்த "அப்புறம்?" என்ற கேள்விக்கு எண்பத்தேழு பகுதிகளில் பதில் சொல்லும் ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். அது ஒரு வரலாற்றுத் தொடர். மற்றொரு தொடரின் தொடர்ச்சியும்கூட. கோடை விடுமுறையில் இணையத்தில் அதை நானும் என் அம்மாச்சியும் சேர்ந்து பார்த்தோம். அடியில் ஓடும் ஆங்கில வரிகளை நான் படித்துத் தமிழில் சொல்வேன். அம்மாச்சி வெற்றிலையை மடித்தபடி கேட்பார்கள்.

முதல் தொடரின் பெயர் "ஜென் ஹுவான் கதை". 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுபத்தாறு பகுதிகள் கொண்டது. லியூ லியன்ஸி என்ற பெண் எழுத்தாளர் இணையத்தில் எழுதிய நாவலே இதற்கு மூலம். நாவல் நடப்பது கற்பனையான ஒரு நாட்டில். தொடராக எடுத்தபோது அதைச் சிங் வம்சத்துப் பேரரசர் யோங்செங்கின் அரண்மனைக்கு மாற்றினார்கள். ஜென் ஹுவான் என்ற அறிவுள்ள இளம்பெண் விருப்பமில்லாமலே அந்தப்புரத்துக்குள் நுழைகிறாள். அங்கே அன்பு செய்கிறாள், ஏமாற்றப்படுகிறாள், கோயிலுக்குத் துரத்தப்படுகிறாள், மீண்டும் வருகிறாள். எதிரிகள் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். கடைசியில் அவள் பேரரசத் தாயாகிறாள். வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியைப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. களைத்துப்போய்த் தனியே படுக்கையில் சாய்கிறாள், கதை முடிகிறது.

"அப்புறம்?" என்றார்கள் அம்மாச்சி!

அப்புறம்தான் "ரூயீ கதை". 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் அதே லியூ லியன்ஸி. ரூயீயாக நடித்தவர் சோவ் சுன் என்ற புகழ்பெற்ற நடிகை. நாற்பதைக் கடந்த அவர் தொடக்கக் காட்சிகளில் சின்னஞ்சிறு பெண்ணாக வந்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பத்துப் பகுதி கடந்தபின் சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு வாழ்க்கை மெல்ல மெல்ல ஏறியது. விரல்களில் நீண்ட நகக்கவசம் அணிந்து அவர் நடப்பதைப் பார்த்து, "அந்த நீள நகத்துப் பிள்ளை" என்றே அம்மாச்சி கடைசிவரை பெயர் சொன்னார்கள்.

இரண்டாம் கதை என்றாலே பலருக்கும் ஓர் ஐயம் எழும். ஊறிப்போன தேயிலையில் மறுபடியும் வெந்நீர் ஊற்றுவது போலத்தானே என்பார்கள். இந்தத் தொடர் என்னை ஈர்த்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற் காரணம், வென்றவளின் மறுபக்கத்தை அது காட்டியது. முதல் தொடரில் நாம் யாருக்காகக் கண்ணீர் விட்டோமோ, அந்த ஜென் ஹுவான் இங்கே பேரரசத் தாயாக உயர்ந்த ஆசனத்தில் இருக்கிறாள். (இப்பாத்திரத்தை இதில் வேறொரு நடிகை ஏற்றிருக்கிறார்.) நேற்றைய மருமகள் இன்றைய மாமியார்! ஒரு காலத்தில் அவளைச் சுற்றிப் பின்னப்பட்ட வலைகளை இப்போது அவளே பின்னுகிறாள். தனக்கு வேண்டிய பெண்களை மகனின் அந்தப்புரத்தில் வைத்துச் செய்தி அறிகிறாள். ஆனால் அந்த வலிமைக்கும் எல்லை உண்டு. தொலைவில் உள்ள சுங்கார் நாட்டுக்குத் திருமணம் செய்து அனுப்பப்பட்ட அவள் மகளைக் கணவன் இறந்தபின் அங்கேயே மற்றொருவனுக்கு மணம் முடிக்கப் பேரரசர் முடிவு செய்கிறார். மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து விடு என்று தாய் கெஞ்சுகிறாள். பலிக்கவில்லை. எழுபத்தாறு பகுதிகள் போராடி வென்ற பெண்ணால் தன் மகளின் மறுமணத்தைத் தடுக்க முடியவில்லை என்றால், அவள் வென்றது எதை? முதல் கதையைத் தனியே பார்த்திருந்தால் இந்தக் கேள்வி எனக்கு எழுந்திராது.

இரண்டாவது காரணம், கதாநாயகி பிறந்த இடம். முதல் தொடரில் ஜென் ஹுவானை வாட்டிய கொடிய பேரரசியின் மருமகள், அதாவது உடன்பிறந்தான் மகள்தான் இந்த ரூயீ! பகைவரின் வீட்டுப் பெண்ணையே நம் அன்புக்குரியவளாக்க ஆசிரியைக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அத்தையின் பழி நிழல்போல் அவளைத் தொடர்கிறது. புதிதாக வாழ வேண்டும் என்று அவள் பேரரசத் தாயிடமே புதுப்பெயர் கேட்கிறாள். "ரூயீ" என்பது அப்படிக் கிடைத்த பெயர். "நினைத்தது நடக்கும்" என்று பொருள்படும் சீனச் சொல்லைப் போலவே அது ஒலிக்கும். ஆனால் அவள் நினைத்தது எது நடந்தது? செய்யாத குற்றத்துக்காகப் பாழடைந்த குளிர் மாளிகையில் அடைக்கப்படுகிறாள். பின்னொரு முறை அவள்மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டபோது, சாட்சி சொல்லும்படி அவளுடைய பணிப்பெண் சுவோசின்னைச் சித்திரவதை செய்கிறார்கள். அந்தப் பெண்ணின் கால் ஊனமாகிறது. நாவிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. பட்டும் பவளமும் அணிந்த அத்தனை சீமாட்டிகளையும்விட அந்த நொண்டிக் காலே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றியது.

மூன்றாவது காரணமே மிகப் பெரியது. இந்தக் கதையின் முடிவு ஆசிரியையின் கையில் இல்லை. வரலாற்றின் கையில் இருந்தது.

ரூயீ என்ற பெயர் கற்பனை. ஆனால் பேரரசர் சியன்லோங்குக்கு நாரா குலத்தைச் சேர்ந்த இரண்டாவது பேரரசி இருந்தது உண்மை. முதல் பேரரசி 1748-இல் இறந்தபின், 1750-இல் இவர் பேரரசியாக்கப்பட்டார். 1765-இல் பேரரசரின் நான்காவது தென்திசைப் பயணத்தில் உடன் சென்றார். ஹாங்சோவ் நகரில் ஏதோ நேர்ந்தது. பேரரசி தம் கூந்தலைத் தாமே வெட்டிக்கொண்டார். மஞ்சூ மக்களின் வழக்கப்படி அது சிறிய செயலன்று. பேரரசரோ பேரரசத் தாயோ மறைந்தால் துக்கம் காக்கும் அடையாளமாகத்தான் பேரரசி கூந்தலைக் கத்தரிக்க வேண்டும். கணவர் உயிரோடிருக்கையில் கத்தரித்தால் அது சாபத்துக்கு ஒப்பு. அவர் உடனே பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மறு ஆண்டு, 1766-இல் இறந்தார். வேட்டைக்குப் போயிருந்த பேரரசர் திரும்பி வரவில்லை. பேரரசிக்குரிய சடங்குகள் செய்யப்படவில்லை. அவருக்கெனத் தனிக் கல்லறையும் இல்லை. வேறொரு துணைவியின் கல்லறையில் வைத்தார்கள். மறைந்த பேரரசியருக்கு அளிக்கும் சிறப்புப் பெயரும் அவருக்குக் கிட்டவில்லை. 1778-இல் ஒருவர் பேரரசருக்குக் கொடுத்த மனுவில், பிற கோரிக்கைகளோடு இந்தப் பேரரசிக்கு இழைத்த அநீதியையும் எடுத்துச் சொன்னார். அவருக்கு மரண தண்டனை கிடைத்தது!

ஏன் வெட்டினார்? ஏடுகள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் எண்பத்தேழு பகுதிகளும் நுழைகின்றன. பேரரசரின் கேளிக்கைகளைக் கண்டிக்கச் சென்ற இடத்தில், இளமையில் தாம் அன்பு செய்த மனிதர் இறந்துபோய்விட்டார் என்று உணர்ந்து, அவருக்குத் துக்கம் காப்பதாகவே ரூயீ கூந்தலை வெட்டுகிறாள். இது கற்பனை. வரலாற்றுத் தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது! ஆனால் கத்தரிக்கோலும் கூந்தலும் மறுக்கப்பட்ட மரியாதையும் மெய். முடிவு தெரிந்தும் நாங்கள் ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருக்கவில்லை. என்ன நடக்கும் என்பதைவிட, ஏன் நடந்தது என்பதே வலிய கேள்வி என்று அப்போது விளங்கியது.

நம் பள்ளி அன்பர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. தொடரில் வெள்ளைத்தாடியோடு ஓர் ஐரோப்பிய ஓவியர் வருகிறார். அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஜூசெப்பே காஸ்திலியோனே என்ற இயேசு சபைச் சகோதரர் அவர். 1688-இல் மிலான் நகரில் பிறந்து, 1715-இல் சீனா சென்று, மூன்று பேரரசர்களின் காலத்தில் அரண்மனையில் ஓவியம் தீட்டினார். நாட்டைவிட்டு ஐம்பது ஆண்டுகள்! அங்கேயே 1766-இல் கண்மூடினார். அந்தப் பேரரசி மறைந்த அதே ஆண்டு. தொடரில் அவர் பேரரசரையும் ரூயீயையும் ஒன்றாக அமர்த்திப் படம் எழுதுகிறார். ஒருவனுக்கு ஒருத்தி என்பது தங்கள் நாட்டு வழக்கம் என்கிறார். பேரரசருக்கு அது வேடிக்கை. ரூயீக்கோ அது நெஞ்சைத் தொட்ட சொல்.

இன்னொரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். அதே 2018-இல் "யான்ஷி அரண்மனைக் கதை" என்ற மற்றொரு தொடரும் வெளிவந்தது. அதிலும் இதே நாரா பேரரசி வருகிறார். ஆனால் சூழ்ச்சி செய்யும் வில்லியாக! ஒரே பெண், ஒரே கூந்தல், ஒரே ஆண்டில் இரண்டு தீர்ப்புகள். வாய் திறந்து பேச முடியாதவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் போலும். 2019 ஜனவரியில் சீனப் பத்திரிகை ஒன்று இத்தகைய அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் போற்றுகின்றன என்று கண்டித்து எழுதியது. அதையடுத்து இவ்விரு தொடர்களும் சில தொலைக்காட்சி நிலையங்களின் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்டன. அந்தக் கண்டனத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விஷமும் பொய்ச்சாட்சியும் பகுதிக்குப் பகுதி வரும்போது அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. நல்லவர்கள் பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் நிற்பதும் பொறுமையைச் சோதிக்கிறது. ஆயினும் ரூயீயின் கதை சூழ்ச்சியைப் போற்றவில்லை. சூழ்ச்சியால் வென்றவர் ஒருவரும் அதில் நிம்மதியாக உறங்கவில்லை.

கடைசிப் பகுதி முடிந்த இரவு அம்மாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "செத்த பிறகும் பெயரை எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டார்கள். "ஆமாம், அம்மாச்சி" என்றேன். எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு பழைய குடும்பப் படத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் நிற்கிறார்கள். ஆறாவதாக நின்றவரின் பக்கம் நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. மீதியிருக்கும் தோள்மேல் ஒரு கை மட்டும் தெரிகிறது. அம்மாச்சியின் மூத்த அக்கா அவர். வீட்டாருக்குப் பிடிக்காத ஏதோ ஒன்றைச் செய்தாராம். அதன்பின் அவர் பெயரை வீட்டில் ஒருவரும் உச்சரித்ததில்லையாம். அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கும் என் அம்மாவுக்கும் அன்றுதான் தெரியும். "என் தலையைச் சீவி விட்டது அந்தக் கைதான்" என்றார்கள் அம்மாச்சி. வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளுக்குப் பங்குக் கோயிலில் பெயர்ப் பட்டியல் கொடுப்போம் அல்லவா? ஆண்டுதோறும் அம்மாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு பதினொரு பெயர்கள் சொன்னபின் சற்று நிறுத்தினார்கள். பிறகு பன்னிரண்டாவதாக ஒரு பெயரைச் சொன்னார்கள். எழுதினேன். கோயிலில் அது வாசிக்கப்பட்டபோது அம்மாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

தொடர்ச்சிக் கதைகள் நம்மை ஏன் ஈர்க்கின்றன என்று இப்போது எனக்கு ஒருவாறு புரிகிறது. பழகிய மாளிகைக்குள் மறுபடி நுழையும் இன்பம் மட்டும் அதற்குக் காரணமன்று. "சுபம்" என்று போட்டுவிட்டால் மட்டும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. வென்றவர் என்ன ஆனார், தோற்றவரின் பிள்ளைகள் எங்கே போனார்கள், படத்திலிருந்து கத்தரிக்கப்பட்டவரை யார் நினைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் முதல் கதை சொல்லாது. அதைக் கேட்க இன்னொருவர் வர வேண்டும். சீன அரண்மனையின் ஏடுகள் மறைத்த பெண்ணை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண் எழுத்தாளர் "அப்புறம்?" என்று கேட்டு மீட்டுவந்தார்.

ஆகவே தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லி முடித்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அந்தச் சின்னக் கேள்வியை அன்போடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.