பன்னிரண்டாவது சுற்று

மதுரையில் ஒரு மொட்டைமாடி. நிழலில் விரித்த பாயில் நான்கு கருஞ்சாம்பல் வளையங்கள். ஒன்றை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற 61 மி.மீ. குறுக்களவுதான், கனமோ எதிர்பாராதது.

“பாத்து சார், கீழ விழுந்தா ரெண்டாப் போயிரும். இது சுட்ட பீங்கான் மாதிரி” என்றார் பெரியவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நெடுநாள் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். வளையம் 31 ரக ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்தது.

அவர் 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் சாவியைத் தட்டினால் எதிர்வீட்டு அழைப்புமணி தானாக அடிக்கிறதாம். காரணம், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள். அதில் மின்னோட்டம் நடுக்கம்பியில் போய், வலையுறையின் உட்புறமாகத் திரும்ப வேண்டும். ஆனால் ஆன்டெனாவில் இணைகிற இடத்தில் வலையுறையின் வெளிப்புறமும் ஒரு வழியாகத் திறந்து கிடக்கிறது. அதில் கசிகிற மின்னோட்டம் கேபிளையே ஆன்டெனா ஆக்கிவிடுகிறது. எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சல் உள்ளே ஏறிவருவதும் அதே வழியில்தான். ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிச் செய்யும் சோக் அடைப்பது அந்த ஒரு வழியை மட்டுமே. உள்ளே எதிரெதிராக ஓடும் இரண்டு மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஃபெரைட் அவற்றைத் தொடுவதேயில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சுற்றுவது அவரிடம் படிக்கும் கல்லூரி மாணவி. கேபிள் டெஃப்லான் காப்பிட்ட ஆர்.ஜி.400. சாதாரண கேபிளை இவ்வளவு நெருக்கமாக வளைத்தால் நடுக்கம்பி நாளடைவில் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தி, துளை வழியே இழுத்து, ஒவ்வொரு முறையும் உதட்டுக்குள் எண்ணுகிறாள். துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்றுக் கணக்கு. பன்னிரண்டோடு நிறுத்தினாள்.

“இன்னும் நாலு சுத்தினா என்னம்மா?”

“சுத்துக்குச் சுத்து கெப்பாசிட்டன்ஸ் சேரும் சார். தடுப்பு உச்சத்துக்கு வர்ற அலைவரிசை கீழ எறங்கிரும்.”

பழைய கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையத்தில் நான் முன்பு சுற்றி ஏமாந்ததைச் சொன்னேன். அது இரும்புத்தூள் வளையம்; இந்த வேலைக்கு ஆகாது. “எல்லாரும் அதுலதான் தொடங்குவாங்க” என்று ஆறுதல் சொன்னார் பெரியவர்.

பிறகு நேனோ வி.என்.ஏ. என்ற அளவுகருவி வந்தது. வலையுறையை மட்டும் இரு முனைகளிலும் இணைத்தார்கள். அமெரிக்க ஹாம் ஜிம் பிரவுன் தம் வழிகாட்டியில் வைக்கும் இலக்கு 5000 ஓம். அதுவும் மின்தடையாக இருக்க வேண்டும். வெறும் தூண்டல் மறுப்பாக இருந்தால் கேபிளின் நீளமே சில அலைவரிசைகளில் அதை ஈடுகட்டிவிடும். 5000 ஓமுக்குத் திரையில் கோடு சுமார் 34 டெசிபல் இறங்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் கோடு அதையும் தாண்டி இறங்கியதும் மாணவி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சோக்கை டைபோல் ஆன்டெனாவின் நடுவில் கட்டிக் கயிற்றை இழுத்தார்கள். பெரியவர் கீழே போய்ச் சாவியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து, எதிர்மாடியில் வடகம் காயவைத்த அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்:

“ஏம்மா, அண்ணன் இன்னும் ஆரம்பிக்கலையா?”